பழமனை புதுக்கல்: ஈசூன் வீடுகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

தோற்றுவாய்

பழைய ஏட்டைப் பதிப்பிக்க முற்படும் அறிஞர் எழுதுகோலை உடனே எடுப்பதில்லை. எது ஆசிரியர் வாக்கு, எது செல்லரித்துச் சிதைந்த பகுதி, எது பிற்காலத்தார் செருகியது என்று முதலில் பகுத்தறிவர். பகுத்தறிந்த பின்னரே திருத்த முனைவர். பழைய வீட்டை வாங்கி அதனைத் தம் விருப்பத்துக்கேற்பத் திருத்தியமைக்க எண்ணுவோரும் இத்தகைய பகுப்பைச் செய்தாக வேண்டும். அதனைச் செய்யாமல் சம்மட்டியைக் கையில் எடுப்பவர், நூலைப் படிக்காமலே அதற்குத் திருத்தம் எழுதுபவரை ஒப்பர்.

சிங்கப்பூரில் இப்பொருளை ஆராய்வதற்கு ஏற்ற களம் ஈசூன். 1980களின் தொடக்கத்தில் மக்கள் குடியேறிய இப்புதுநகரின் முதல் புளோக்குகள் நாற்பது அகவையைக் கடந்துவிட்டன. முதற்குடியினர் முதுமை எய்திவிட்டனர். பிள்ளைகள் தனிக்குடித்தனம் சென்றபின் சிறிய வீட்டை நாடும் முதியோரின் நான்கறை, ஐந்தறை வீடுகள் மறுவிற்பனைச் சந்தைக்கு வருகின்றன. அவற்றை இளந்தம்பதியர் வாங்குகின்றனர். வாங்கியதும் பெரும்பாலோர் முதலில் செய்வது இடிப்பது. எதை இடித்தல் தகும், எதை இடித்தல் தகாது என்பதே ஈண்டு எழும் வினா.

இவ்வினாவுக்கு விடை தேட ஓர் அளவுகோல் வேண்டும். பவணந்தி முனிவர் நன்னூலின் இறுதி நூற்பாவில் அவ்வளவுகோலைத் தந்துள்ளார். பழையவை நீங்குவதும் புதியவை வந்து சேர்வதும் குற்றமாகா என்பது அதன் கருத்து. மேடைகளில் அதனை எடுத்தாளுவோர் பலரும் அவ்வளவோடு நின்றுவிடுவர். ஆனால் அந்நூற்பா அவ்வளவோடு நிற்பதன்று. அம்மாற்றம் காலத்தின் இயல்பால் நிகழ்வது என்னும் காரணத்தையும் உடன் சேர்த்தே கூறுகிறது. சொல்லுக்கு வகுத்த இவ்விதி வீட்டுக்கும் பொருந்தும். காலம் கழிப்பது ஒன்று. கை கழிப்பது மற்றொன்று. பழமனை புதுக்குவோர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே அவர்தம் பிழைகளுக்கெல்லாம் வேர் எனலாம்.

பெயரிலேயே ஒரு புதுக்கல்

ஈசூன் என்னும் பெயரே புதுக்கப்பட்ட ஒன்று. ரப்பர்த் தோட்டங்களாலும் அன்னாசித் தொழிலாலும் பெருஞ்செல்வம் ஈட்டிய லிம் நீ சூன் (1879–1936) என்பாரின் பெயரால் தீவின் வடபகுதியில் நீ சூன் கிராமம் வழங்கி வந்தது. 'நீ சூன்' என்பது தியோச்சு மொழியின் ஒலிப்பு. அதே சீன எழுத்துகளை மாண்டரின் மொழியில் ஒலித்தால் வருவது புதுநகரின் பெயராயிற்று. தமிழர் அதனை ஈசூன் என வழங்கினர். பழைய பெயரும் முற்றிலும் அழிந்துவிடவில்லை. 2011ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட நீ சூன் குழுத்தொகுதியின் பெயரில் அது வாழ்கிறது. அவர் மகன் லிம் சோங் பாங்கின் பெயர் தாங்கிய கிராமம் இன்று இல்லை. ஆயினும் அப்பெயர் ஈசூனின் ஒரு வட்டாரத்துக்கும் அங்காடிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பழையதன் ஒரு கூற்றையேனும் புதியதில் நிலைநிறுத்தும் இயல்பு, ஊருக்குப் பெயரிட்டோரிடம் இருந்தது என்பது இதனால் விளங்கும்.

இவ்வட்டாரத்துத் தமிழர் வரலாற்றிலும் இதே இயல்பைக் காணலாம். 1938இல் திறக்கப்பட்ட செம்பவாங் கடற்படைத் தளம் தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த தொழிலாளர் பலருக்கு வாழ்வளித்தது. 1971இல் பிரிட்டிஷ் படையினர் விலகினர். தளத்தையொட்டி ஒரு மரத்தடியில் தொழிலாளர் தொடங்கிய முருக வழிபாடு, பின்னர் ஈசூன் தொழிற்பேட்டைப் பகுதிக்கு இடம்பெயர்ந்து, புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமாக நிலைபெற்றது. பங்குனி உத்திரத்தன்று காவடிகள் அங்கு வருகின்றன. மரம் நின்ற இடம் விட்டுப்போயிற்று. மரத்தின் நினைவு ஆலயத்தின் பெயரில் தங்கிவிட்டது. கோயிலை இடம்பெயர்த்தபோது இந்நினைவைக் காத்த சமூகம், தன் வீடுகளைப் புதுக்கும்போது எத்தகைய நினைவைக் காக்கிறது என்று வினவுவது பொருத்தமே.

வாங்குவோர் நிலை

பழைய வீட்டை ஏன் வாங்குகின்றனர் என்பதை முதலில் நோக்க வேண்டும். புதிதாகக் கட்டப்படும் வீட்டுக்கு விண்ணப்பித்தோர் சில ஆண்டுகள் காத்திருக்க நேரும். மறுவிற்பனை வீடோ சில திங்களில் கைக்கு வரும். பெற்றோர் வீட்டுக்கு அருகிலேயே வாழலாம். 2015இல் அறிமுகமான அருகாமை வீட்டு மானியம் அதற்குத் துணைபுரிகிறது. கடைத்தெருவும் பள்ளியும் பேருந்தும் முன்னரே அமைந்திருக்கும். ஈசூன் பெருவிரைவு ரயில் நிலையம் 1988 டிசம்பரிலேயே திறக்கப்பட்டுவிட்டது. பழைய வீடுகள் சிலவற்றின் பரப்பும் புதியவற்றினும் மிகுதி. 1980களில் கட்டப்பட்ட நான்கறை வீடுகளுள் ஒருவகை ஏறத்தாழ 105 சதுர மீட்டர் பரப்புடையது. இக்காலத்து நான்கறை வீடு பெரும்பாலும் 90 சதுர மீட்டரை ஒட்டியே அமைகிறது.

இவையெல்லாம் நியாயமான காரணங்களே. ஆயினும் பழைய வீட்டை வாங்குவோர் அதனோடு சேர்த்துக் காலத்தையும் வாங்குகின்றனர் என்பதை மறத்தல் ஆகாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடு 99 ஆண்டுக் குத்தகைக்கு உரியது. 1984இல் தொடங்கிய குத்தகை 2083இல் முடியும். 2025இல் அவ்வீட்டை வாங்கியவருக்கு எஞ்சியிருந்தது 58 ஆண்டு. 2019 மே மாதம் நடப்புக்கு வந்த விதிகளின்படி, வாங்குவோருள் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை நீடிக்க வேண்டும். நீடிக்காவிடில் அவர் பயன்படுத்தத்தக்க மத்திய சேமநிதித் தொகை குறையும். ஆக, மேற்சொன்ன வீட்டை 37 வயதினர் வாங்கினால் கணக்கு நேராகிறது. 27 வயதினர் வாங்கினால் பத்தாண்டு துண்டு விழுகிறது. பழைய வீடு யாவும் ஒருநாள் அரசாங்கத்தால் நல்ல விலைக்குத் திரும்பப் பெறப்படும் என்று எண்ணிவிடலாகாது என அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர் லாரன்ஸ் வோங் 2017இல் எச்சரித்ததும் இங்கு நினைவுகூரத் தக்கது.

மற்றொரு செய்தியும் உண்டு. வீட்டை வாங்கச் சேமநிதியைப் பயன்படுத்தலாம். வீட்டைப் புதுக்க அதனைப் பயன்படுத்த இயலாது. சுவரில் விழும் ஒவ்வொரு சம்மட்டி அடிக்கும் உரிய பணம், கையிலுள்ள சேமிப்பிலிருந்தோ வங்கிக் கடனிலிருந்தோதான் வர வேண்டும். ஆகவே எதை இடிப்பது என்னும் வினா அழகுணர்ச்சியை மட்டும் சார்ந்ததன்று. குடும்பத்தின் பல்லாண்டு உழைப்பைச் சார்ந்தது.

காலம் கெடுத்தவை

நாற்பதாண்டு வீட்டில் காலம் கெடுத்தவை உண்மையாகவே பல. அவற்றுள் தலையாயது கான்கிரீட் சிதைவு. கான்கிரீட்டினுள் பதித்த இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காப்பது கான்கிரீட்டின் காரத்தன்மை. காற்றிலுள்ள கரியமிலவாயு ஆண்டுக்கணக்கில் உள்ளிறங்க, அக்காரத்தன்மை குறைகிறது. ஈரமும் சேர்ந்தால் கம்பி துருவேறிப் பருக்கிறது. பருத்த கம்பி தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. குளியலறை, அடுக்களை ஆகியவற்றின் மேற்தளத்தில் இச்சிதைவு மிகுதியாகத் தோன்றுவதற்கு அங்கு நிலைத்திருக்கும் ஈரமே காரணம். அடுத்தவை கழிவுநீர்க் குழாய்களும், குளிர்சாதனமும் மின்னடுப்பும் பரவலாகாத காலத்துக்கெனப் போடப்பட்ட மின்கம்பிகளும், குளியலறைத் தரையில் நீர் கசியாவண்ணம் இட்ட பூச்சும் ஆகும். அப்பூச்சு அழிந்தால் கீழ்வீட்டின் மேற்தளம் நனையும். அதனைச் சீர்செய்யும் பொறுப்பு மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் பொதுவானது.

இவற்றை மாற்றுதல் காலத்தின் கட்டளை. அரசும் அதனை உணர்ந்தே 2007இல் இல்ல மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது. 1986 வரை கட்டப்பட்ட வீடுகளுக்கென வகுத்த அத்திட்டம், 2018இல் 1997 வரை கட்டப்பட்டவற்றுக்கும் விரிவாக்கப்பட்டது. தகுதிபெற்ற சிங்கப்பூர்க் குடிமக்கள் குடும்பங்களுள் 75 விழுக்காட்டினர் இசைந்தாலன்றிப் பணி தொடங்குவதில்லை. கான்கிரீட் சிதைவைச் சீர்செய்தல், கழிவுநீர்க் குழாய்களை மாற்றுதல், மின்சுமையை உயர்த்துதல் முதலான அடிப்படைப் பணிகளுக்குக் குடிமக்கள் பணம் செலுத்த வேண்டுவதில்லை. குளியலறையைப் புதுக்குதல், வாயிற்கதவை மாற்றுதல் போன்றவை விரும்புவோர் தேர்ந்துகொள்பவை. முதியோர் பிடித்து நடக்கும் கைப்பிடிகளுக்கும் வழுக்காத தரைக்கும் 2012 முதல் தனித்திட்டம் ஒன்றும் உண்டு. முழங்கால் வலியுடைய மூதாட்டி இரவில் குளியலறைக்குச் சென்று வருவதற்குரிய கைப்பிடி ஒன்று, வரவேற்பறையில் தொங்கும் அலங்கார விளக்கைக் காட்டிலும் வீட்டுக்கு அழகு சேர்ப்பதாகும்.

ஆனால் இன்றைய புதுக்கல் முறைகளை நோக்கினால், இப்பணிகள் பின்னுக்குத் தள்ளப்படுவதைக் காணலாம். குழாய் சுவருக்குள் மறைந்திருப்பது, மின்கம்பியும் அத்தகையதே. புதுமனைக்கு வரும் விருந்தினர் அவற்றைக் காண்பதில்லை. காணாத பொருளுக்குச் செலவிட மனம் தயங்குகிறது. பழுதான மேற்தளத்தைச் சீர்செய்யாமல் அதனை அழகிய பொய்க்கூரையால் மறைத்துவிடுவோரும் உளர். இஃது ஏட்டின் சிதைந்த பகுதியைச் சீர்செய்யாமல் அதன்மேல் பட்டுத்துணி போர்த்துவதற்கு ஒப்பாகும். துணிக்குக் கீழே துரு வளர்ந்துகொண்டேயிருக்கும்.

வழக்கம் கெடுப்பவை

காலம் கெடுக்காதவற்றைக் கெடுப்பது பெரும்பாலும் அன்றன்றைய வழக்கமே. படங்களில் கண்ட வீட்டைத் தம் வீட்டில் காண விழையும் ஆசை இதற்குக் காரணம். அதனால் ஒரே புளோக்கில் வெவ்வேறு குடும்பங்கள் திருத்திய வீடுகள், ஒரே விடுதியின் அறைகள் போலத் தோற்றமளிக்கும் நிலை உண்டாகிறது. சாமான் அறை இடிக்கப்படுகிறது. பின்னர் அரிசி மூட்டையும் தீபாவளிப் பலகாரப் பாத்திரங்களும் கட்டிலுக்கு அடியில் இடம் தேடுகின்றன. காற்றுப் புகும் துவாரங்கள் அடைக்கப்படுகின்றன. பின்னர் குளிர்சாதனத்தை நாள் முழுதும் இயக்க வேண்டியதாகிறது.

இவ்வகையில் மிகுதியாக ஆராயத்தக்கது அடுக்களைச் சுவர். பழைய வீட்டில் அடுக்களை பின்பக்கத்தில், தனிச் சுவரும் சாளரமும் உடையதாய் அமைந்தது. இக்காலத்தார் அச்சுவரை நீக்கி, அடுக்களையையும் வரவேற்பறையையும் ஒன்றாக்க விரும்புகின்றனர். எல்லாச் சுவரையும் நீக்க இயலாது என்பது முதலில் அறிய வேண்டியது. கட்டடத்தின் பாரத்தைத் தாங்கும் சுவர், தூண், உத்திரம் ஆகியவற்றைத் தொடுவதற்கு இடமில்லை. பாரம் தாங்காத சுவரை இடிப்பதற்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அனுமதி வேண்டும். கழகத்தின் பட்டியலில் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரரே அப்பணியைச் செய்தல் வேண்டும். இடித்தல், தரை ஓடு பெயர்த்தல் முதலிய பேரொலிப் பணிகள் வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே நடைபெறலாம். அடுக்குமாடியில் ஒருவர் சுவர் பலருக்குக் கூரை என்னும் உண்மையே இவ்விதிகளின் அடிப்படை.

விதி இடம் தரும் சுவரையேனும் இடிக்கலாமா என்னும் வினாவுக்கு எளிதில் விடை கூற இயலாது. கடுகு வெடிக்க, காய்ந்த மிளகாய் கருக, எண்ணெய்ப் புகை எழத் தாளிக்கும் சமையலுக்கு அச்சுவரும் சாளரமும் உறுதுணை. சுவரை இழந்த வீட்டில் புகை வரவேற்பறைத் துணிகளில் படிகிறது. படியாமல் காக்கத் தாளிப்பு குறைகிறது. மீன்குழம்பு கடைத்தெருவிலிருந்து வாங்கப்படுகிறது. வீட்டைக் குடும்பத்தின் உணவுக்கேற்பத் திருத்த முனைந்தவர், தம்மை அறியாமலே உணவை வீட்டுக்கேற்பத் திருத்திக்கொள்கின்றனர்.

எனினும் அச்சுவரை முழுதும் போற்றுவதும் நேர்மையாகாது. அது புகையை மட்டும் தடுக்கவில்லை; சமைப்பவரையும் ஒதுக்கிவைத்தது. வரவேற்பறையில் உறவினர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, ஒரு பெண் சுவருக்கு அப்பால் தனியே வெந்துகொண்டிருந்த நாள்கள் பல. அவர் மகளோ மருமகளோ அச்சுவரை இடிக்க விரும்பினால், அவ்விருப்பத்தை நாகரிக மோகம் என ஒதுக்கிவிடல் முறையன்று. சமையல் ஒருத்தியின் தனிக்கடன் என்னும் எண்ணம் கழிந்து வருவதும் காலத்தின் வகையே. ஆகவே சில குடும்பத்தார் பாதிச் சுவரை நிறுத்தி, மேற்பகுதியில் கண்ணாடித் தடுப்பு அமைத்துக்கொள்கின்றனர். புகை தடைப்படுகிறது, முகம் தடைப்படுவதில்லை. பழைய சுவர் ஏன் நின்றது, யாரை வருத்தியது என்னும் இரண்டையும் அறிந்தவர்க்கே இத்தகைய தீர்வு தோன்றும்.

கைமாறும் பூசையிடம்

தமிழர் வீடு வாங்குவதில் பிறரிடம் பெரிதும் பேசப்படாத கூறு ஒன்று உண்டு. 1989ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒவ்வொரு புளோக்கிலும் அக்கம்பக்கத்திலும் ஒவ்வோர் இனத்தவரும் பெறத்தக்க விகிதத்துக்கு வரம்பு வகுத்தது. இந்தியருக்கும் பிற இனத்தவருக்கும் உரிய வரம்பு, 2010இல் திருத்தப்பட்டபின், அக்கம்பக்கத்தில் 12 விழுக்காடும் புளோக்கில் 15 விழுக்காடும் ஆகும். வரம்பு நிறைந்த புளோக்கில் இந்தியர் ஒருவர் வீடு வாங்க விரும்பினால், அதே பிரிவைச் சேர்ந்தவரிடமிருந்தே வாங்க இயலும். இனங்கள் தனித்தனிச் சேரிகளாய்ப் பிரிந்துவிடாமல் காப்பது இக்கொள்கையின் நோக்கம். வாங்குவோர் குறைவதால் விற்பவருக்கு விலை குறையலாம் என்பது அதனால் எழும் குறை.

இக்கொள்கையின் விளைவுகளுள் ஒன்று பண்பாட்டைச் சார்ந்தது. வரம்பு நிறைந்த புளோக்குகளில் ஒரு தமிழ்க்குடும்பத்தின் வீடு மற்றொரு தமிழ்க்குடும்பத்தின் கைக்கே செல்லும் வாய்ப்பு மிகுகிறது. விற்பவர் தெய்வப் படங்களை எடுத்துச் செல்வர். ஆனால் படம் தொங்கிய ஆணி, விளக்கின் கரி படிந்த மேற்சுவர், வாயில் நிலையில் மாவிலைத் தோரணத்துக்கென அடித்த கொக்கிகள் ஆகியவை எஞ்சியிருக்கும். வாங்குபவர் அவற்றைக் காணும்போது அவற்றின் பொருள் அவருக்கு விளங்கும். வேற்று மொழி நூலை வாங்கியவர் அல்லர் அவர். தம் மொழி நூலையே வாங்கியவர்.

நாற்பதாண்டு வாழ்ந்தவர் ஆணி அடித்த இடம் ஒரு குறிப்புரை போன்றது. கிழக்கு நோக்கிய இடம், குளியலறைச் சுவரை ஒட்டாத இடம், சாளரக் காற்றில் விளக்கு அணையாத இடம் என்று பலவற்றையும் ஆராய்ந்தே அவர் அங்குப் பூசையிடம் அமைத்திருப்பார். அவ்வாறே எந்த அறையில் மாலை வெயில் சுடும், விடியற்காலையில் வீசும் சுமத்திராக் காற்று எந்தச் சாளரத்தின் வழியே மழையை எறியும், எந்தக் குழாய் முன்னரே இருமுறை பழுதுபார்க்கப்பட்டது என்பனவற்றையும் அவர் அறிவார். இவற்றை எந்த வரைபடமும் காட்டாது. வீட்டு விலையைப் பற்றி விற்பவரிடம் பலமுறை பேசும் வாங்குபவர், இவற்றைப் பற்றி ஒருமுறையேனும் வினவுவாராயின், ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தலாம். ஆனால் அவ்வுரையாடல் அரிதாகவே நிகழ்கிறது. சாவி கைமாறுகிறது, செய்தி கைமாறுவதில்லை.

பிறர் கண்ட நெறிகள்

பழங்கட்டடத்தைப் புதுக்குவது பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இரு கொள்கைகள் மோதின. பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் வியோலே-லெ-டுக், புதுக்குதல் என்பது கட்டடத்தை அது எக்காலத்தும் பெற்றிராத ஒரு முழுமைக்குக் கொணர்வதாகவும் இருக்கலாம் என்று கருதினார். ஆங்கிலத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கின், 1849இல் வெளிவந்த கட்டடக்கலை பற்றிய தம் நூலில், புதுக்குதல் என்பதே ஒரு பொய் என்று சாடினார். நாளும் பேணுதலே போதும் என்றார். முன்னவர் கருத்து கைக்கு முழு உரிமை தருவது; பின்னவர் கருத்து காலத்துக்கு முழு உரிமை தருவது. மக்கள் குடியிருக்கும் வீட்டுக்கு இவ்விரண்டும் முழுமையாகப் பொருந்தவில்லை. முதலாவது வீட்டின் நினைவை அழிக்கும். இரண்டாவது வீட்டில் வாழ்வோரை வருத்தும்.

சிங்கப்பூரிலேயே மற்றொரு நெறியும் உண்டு. தேக்கா வட்டாரம் 1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பழைய கடைவீடுகளை, இயன்றவரை நிலைநிறுத்தல், உணர்ந்து மீட்டல், கவனத்தோடு பழுதுபார்த்தல் என்னும் மூன்று நெறிகளின்படியே திருத்த வேண்டும் என்று நகரச் சீரமைப்பு ஆணையம் வகுத்துள்ளது. கெர்பாவ் சாலையில் 1900இல் கட்டப்பட்ட டான் டெங் நியா இல்லம் வண்ணப் பொலிவோடு இன்றும் நிற்பது இத்தகைய முயற்சியின் பயன். பயணியர் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். ஆனால் ஈசூனின் நான்கறை வீட்டுக்கு இத்தகைய காவல் இல்லை; அதனைக் காண எந்தப் பயணியும் வருவதில்லை. தேக்காவுக்கு வந்து மல்லிகையும் வெற்றிலையும் வாங்கிச் செல்லும் தமிழர், உறங்கி எழுவது அடுக்குமாடி வீட்டில்தான். அவர்தம் வாழ்வின் பெரும்பகுதியைக் கண்ட சுவருக்கு உரிமையாளரே காவலர். வேறு காவலர் இல்லை.

செம்பியன் மாதேவியார் காட்டிய வழி

இவ்விடத்தில் தமிழர் வரலாறே ஒரு நெறியைக் காட்டுகிறது. பத்தாம் நூற்றாண்டில் கண்டராதித்த சோழரின் தேவியும் உத்தம சோழரின் அன்னையுமாகிய செம்பியன் மாதேவியார், செங்கல்லால் அமைந்த பழங்கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். காவிரிக்கரைத் திருக்கோடிக்காவல் கோயிலும் அவற்றுள் ஒன்று. அங்குப் பழைய கட்டடத்தை நீக்கியபோது, முன்னோர் வெட்டுவித்த கல்வெட்டுகளை அவர் கைவிடவில்லை. அவற்றைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்தார். அவை பழைய கல்லின் படிகள் என்பதையும் குறிக்கச் செய்தார்.

இச்செயலின் நுட்பம் நோக்கற்பாலது. செங்கல் சிதைவது காலத்தின் இயல்பு. ஆகவே கட்டடத்தை அவர் மாற்றினார். அறக்கொடை செய்தோரின் சொல் சிதையத் தக்கதன்று. ஆகவே அதனைக் காத்தார். தாம் புதிதாக வெட்டுவித்ததைப் பழையது என்று காட்டவுமில்லை. படி என்றே கூறினார். மாற்றுதல், காத்தல், மாற்றியதை மறையாது உரைத்தல் ஆகிய மூன்றும் ஒரே பணியில் அமைந்துள்ளன. பிரெஞ்சுக் கலைஞரின் துணிவும் ஆங்கிலத் திறனாய்வாளரின் நேர்மையும் மோதாமல் இணைந்து நிற்பதை இங்குக் காணலாம்.

ஈசூன் வீட்டுக்கு இந்நெறியைப் பொருத்துவது அரிதன்று. துருவேறிய கம்பி, கசியும் தரை, பழைய மின்கம்பி ஆகியவை செங்கல் போன்றவை. அவற்றை மாற்றத் தயங்க வேண்டுவதில்லை. காற்றோட்டம், சாமான் அறை, பூசையிடம், அடுக்களையின் தனித்தன்மை ஆகியவை முன்னவர் கண்டறிந்த பயன்கள். அவற்றை நீக்குமுன் நீக்குவதற்குரிய காரணம் கேட்கப்பட வேண்டும். காரணம் உண்மையாயின் நீக்கலாம். நீக்கும்போது ஒரு படி எடுத்து வைத்தல் வேண்டும்.

எழுத்தாளர் கடன்

படி எடுத்தல் என்பது எழுத்தைச் சார்ந்த வினை. சிங்கப்பூர்த் தமிழ்ப் படைப்புகளில் கம்பத்து வீட்டின் இழப்பு நெஞ்சுருகப் பாடப்பட்டிருக்கிறது. அத்தாப்புக் கூரையும் கிணற்றடியும் ரம்புத்தான் மரமும் இலக்கியத்தில் இடம்பெற்றன. அவ்விழப்பு உண்மையானது, அதனைப் பாடியது முறையே. ஆனால் அடுக்குமாடி வீடு பெரும்பாலும் இழப்பின் மறுபக்கமாக, முகமற்ற பெட்டியாக மட்டுமே காட்டப்பட்டது. இப்போது அப்பெட்டியே பழையதாகிவிட்டது. அதில் பிறந்து, படித்து, மணமுடித்துச் சென்ற ஒரு தலைமுறை உண்டு. அதன் சுவர்கள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. கம்பத்தைப் பற்றி எழுதும் அளவுக்கு இவ்வீட்டைப் பற்றி எழுதியவர் மிகுதியல்லர் என்பது இத்துறையின் குறை எனலாம். கம்பம் அழிந்த பின்னரே அது பாடப்பட்டது. அடுக்குமாடி வீட்டுக்கும் அந்நிலை வரவேண்டுவதில்லை.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல இயலும். 'எனது வீடு' என்னும் கட்டுரைத் தலைப்பு ஆண்டுதோறும் தரப்படுகிறது. மாணவர் பெரும்பாலும் அறைகளின் எண்ணிக்கையையும் தொலைக்காட்சிப் பெட்டியின் அளவையும் எழுதி நிறுத்துகின்றனர். அவர்களிடம் வேறு வினாக்களைக் கேட்கலாம். அடுக்களைச் சாளரத்தின் வழியே எதைக் காணலாம்? பாட்டி எங்கே அமர்ந்து பூத்தொடுத்தார்? எந்தச் சுவரில் தம்பியின் உயரம் ஆண்டுதோறும் பென்சிலால் குறிக்கப்பட்டது? துணி காயவைக்கும் மூங்கிற்கழிகள் எங்குச் செருகப்பட்டன? இவற்றுக்கு விடை எழுதும் மாணவர், தாம் அறியாமலே ஒரு பழங்கல்லைப் படியெடுக்கின்றனர்.

நிறைவுரை

பழைய வீட்டை வாங்குவதும் திருத்துவதும் தவறல்ல. நாற்பதாண்டு வீட்டை நாற்பதாண்டுக்கு முன்னிருந்தவாறே வைத்திருக்கக் கூறுவது, பழந்தமிழை மட்டுமே பேசுக என்று இக்காலத்தாரை வற்புறுத்துவது போன்றதாகும். அவ்வாறே, பழையது என்பதற்காகவே ஒன்றை நீக்குவதும் அறிவுடைமையாகாது. காலம் கெடுத்ததை முதலில் சீர்செய்தல், காலம் கெடுக்காததைக் காரணமின்றித் தொடாமை, தொட்டே ஆக வேண்டின் இருந்ததைக் குறித்துவைத்தல் ஆகிய மூன்றும் பழமனை புதுக்குவோர் கைக்கொள்ளத்தக்க முறைகள்.

குத்தகை வீட்டுக்கு எவரும் நிலையான உரிமையாளர் அல்லர். முன்னிருந்தவர் நாற்பதாண்டு வாழ்ந்தார். இப்போது வருபவர் சில பத்தாண்டுகள் வாழ்வர். அவருக்குப் பின்னும் ஒருவர் வரலாம். ஆகவே ஒப்பந்தக்காரர் வருவதற்கு முந்திய நாள், வாங்கியவர் வெறும் வீட்டில் ஒருமுறை நடந்து பார்ப்பது நன்று. ஒவ்வோர் அறையையும் படமெடுத்து, அளவுகளைக் குறித்து, விற்றவர் கூறிய செய்திகளை நான்கு பக்கங்களில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வைக்கலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை. பின்னொரு நாள் அவ்வீட்டை வாங்க வருபவரின் கையில் சாவியோடு அப்பக்கங்களையும் சேர்த்துக் கொடுக்கலாம்.